பச்சை வலைக்குப் பின்னால் நிற்கும் புதுக் கார்கள்

புதுக் கார் விற்கும் முகவர்களுக்கும், அவர்களுக்குக் கார் அனுப்பும் தயாரிப்பாளர்களுக்கும்,

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள மனையின் சுற்றுச்சுவர் மேல் நான்கு பேர் ஏறி, சவுக்குக் கம்பு கட்டி, பச்சை வலை விரித்துவிட்டுப் போனார்கள். மற்ற மூன்று பக்கமும் திறந்தே கிடக்கிறது. எங்கள் மொட்டை மாடி பார்க்கிற பக்கம் மட்டும் வலை. அந்த மனையில் நிற்பவை அறுபதுக்கு மேற்பட்ட புதுக் கார்கள். உங்களில் ஒருவருடைய ஸ்டாக்யார்டு, அதாவது விற்கும் வரை கார்களை நிறுத்தி வைக்கும் இடம் அது. எந்த முகவர், எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை. படித்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். மற்றவர்கள் தங்கள் யார்டை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து மேலே படிக்கலாம்.

நான் தபால் துறையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு முடிச்சூர் பக்கம். காலையில் துணி காயப்போடவும் சாயங்காலம் எடுக்கவும் மாடிக்குப் போகிறேன். ஐந்து வருடமாக என் கண்ணெதிரே இருப்பது உங்கள் யார்டுதான். வேவு பார்க்கும் உத்தேசம் எனக்குக் கிடையாது. பார்க்காமல் துணி உலர்த்த முடியாது, அவ்வளவுதான்.

கார்கள் வருவது இரவு பதினோரு மணிக்கு மேல். டிரெய்லர் எங்கள் தெருவுக்குள் திரும்பாது. மெயின் ரோட்டிலேயே நிறுத்தி, சரிவுப் பலகையை இறக்கி, ஒவ்வொன்றாகப் பையன்கள் ஓட்டி வருவார்கள். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். விடிவதற்குள் எட்டு வண்டியையும் உள்ளே அடுக்கியாக வேண்டும். தெருமுனை வேகத்தடையில் புதுக் காரின் அடிவயிறு 'டங்'கென்று இடிக்கும் சத்தம் எனக்குத் தூக்கத்திலேயே அடையாளம் தெரியும். எஞ்சின் சூடாகும் முன்பே முறுக்குகிற சத்தமும்தான்.

உள்ளே மண் தரை. ஒரே ஒரு வேப்பமரம். அதன் நிழலில் நாலு கார் நிற்கும். அதிர்ஷ்டக்கார வண்டிகள் என்று முதலில் நினைத்தேன். அந்த மரத்தில்தான் ஊர்க் காகம் முழுதும் அடைகிறது என்பது அப்புறம் தெரிந்தது. எச்சம் விழுந்து இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் பெயின்ட் மேலிருக்கும் 'கிளியர் கோட்' என்ற நிறமற்ற பூச்சையே அரித்துவிடும். கழுவினாலும் தடம் போகாது. பானெட்டிலும் கூரையிலும் தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்பும் வெள்ளைப் படலம் மாதக்கணக்கில் வெயிலில் வெந்து, பிறகு உரிக்க வராமல், பையன்கள் நகத்தாலும் பிளாஸ்டிக் அட்டையாலும் சுரண்டுவதைப் பார்த்திருக்கிறேன். காருக்குக் கீழே நாய் குட்டி போடுகிறது. எலி எங்கே குடியிருக்கிறது என்பதை நாய்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு பையன் தள்ளுவண்டியில் ஒரு பேட்டரியும் இரண்டு வயரும் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போவான். "இன்னிக்கு ஒம்பது வண்டிய எழுப்பணும்மா" என்பான். எழுப்புவது என்பது அவன் சொல். கார் சும்மா நின்றாலும் அலாரமும் கடிகாரமும் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் கிட்டத்தட்டக் காலி. காலியாகவே வாரக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்துவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது. செத்துச் செத்து எழுப்பிய அதே பேட்டரியோடுதான் வண்டி ஷோரூமுக்குப் போகிறது. இரண்டே வருடத்தில் பேட்டரி படுத்தால், "நீங்க சரியா ஓட்டல மேடம்" என்கிறது சர்வீஸ் சென்டர்.

மதியம் அந்தப் பையன்கள் ஏசி போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே தூங்குவதும் எனக்குத் தெரியும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது டிகிரி வெயிலில் அவர்களுக்கென்று ஒரு கீற்றுக் கொட்டகைகூட நீங்கள் போட்டுத் தரவில்லை.

வண்டியோடு நீங்கள் கொடுக்கும் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்துவதானால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்று, டயரில் காற்றைக் கவனி, எச்சம் விழுந்தால் உடனே கழுவு என்றெல்லாம் வாங்குகிறவருக்குப் பாடம் நடத்துகிறீர்கள். எங்களுக்குச் சொல்லும் பாடம் யார்டுக்குள் நுழையவே இல்லை.

ஒருநாள் காலை ஒரு சிவப்புக் காரின் பின்கதவைச் சுற்றி நியூஸ்பேப்பர் ஒட்டி, திறந்தவெளியில் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தார்கள். நெருக்கமாக அடுக்கியதில் பக்கத்து வண்டி உரசியிருக்கும். சாயங்காலம் பார்த்தபோது எது அந்தக் கதவு என்று எனக்கே தெரியவில்லை. மறுவாரம் அந்த வண்டி இல்லை. வாங்கியவருக்கு இதைச் சொன்னீர்களா?

இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் சும்மாதான் இருந்தேன். அது என் தப்பு.

2023 டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. 4-ஆம் தேதி நாள் முழுக்க விடவில்லை. அடையாற்றில் வெள்ளம் வந்தால் எங்கள் பக்கம் என்ன ஆகும் என்பது 2015-லேயே ஊருக்குத் தெரிந்த விஷயம். 5-ஆம் தேதி காலை மாடியிலிருந்து பார்த்தால் யார்டு ஏரியாகக் கிடந்தது. மேட்டுப் பக்கம் நின்றவற்றுக்குப் பாதி டயர் வரை தண்ணீர். தெற்கு மூலைதான் பள்ளம். அங்கே கதவின் கீழ்விளிம்பைத் தாண்டியிருந்தது. கரண்ட் இல்லாத நேரம், போனில் இருந்த கொஞ்சம் சார்ஜில் ஆறு படம் எடுத்தேன். எடுக்கும்போது ஒரு நோக்கமும் இல்லை. திருச்சியில் இருக்கும் தம்பிக்கு வெள்ளத்தைக் காட்டலாம் என்றுதான் எடுத்தேன்.

தண்ணீர் வடிந்ததும் ஆட்கள் வந்தார்கள். எல்லாக் கதவையும் திறந்து போட்டு, கால்மிதிகளை எடுத்து எங்கள் பொதுச் சுவர் மேல் காயப்போட்டார்கள். கேட்டேன். "உள்ள ஒண்ணும் போகலம்மா, அடியில மட்டும்தான்" என்றான் ஒருவன். அவன் கையிலிருந்த கால்மிதி சொட்டிக்கொண்டிருந்தது.

தை பிறந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கழுவி, மெழுகு போட்டு, கிளம்பிப் போயின.

பிப்ரவரியில் தம்பி மகள் கார் எடுத்தாள். சிறுசேரியில் வேலை, அவள் சம்பளத்தில் வாங்கும் முதல் கார். முகவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. வெள்ளைக் கார், நல்ல தள்ளுபடி. விலைத்தாளில் 'கையாளும் கட்டணம்' என்று 8,500 ரூபாய் இருந்தது. எதற்கு என்று கேட்டதும் பேசாமல் அதைக் கோடு போட்டு நீக்கிவிட்டார்கள். முழுப் பணமும் கட்டிய பிறகுதான் வண்டி ஒதுக்குவோம், யார்டுக்கு வந்து பார்க்க அனுமதி இல்லை என்றார்கள். டெலிவரி அன்று சிவப்புப் பட்டுத்துணி போர்த்தி, கேக் வெட்டச் சொல்லி, பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். நசுங்கியது. கை தட்டினோம். அந்த நேரத்தில் கால்மிதியைத் தூக்கிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

மறுநாள் விடியற்காலை காஞ்சிபுரம் கிளம்பினோம். பனி. கண்ணாடி முழுதும் ஆவி படிந்திருந்தது. இடது மேல்மூலையில் மட்டும் ஆவி படியாமல் இரண்டு எழுத்து தெரிந்தது. 47.

உங்கள் யார்டில் ஒவ்வொரு கண்ணாடியிலும் மஞ்சள் மெழுகுக் குச்சியால் ஓர் எண் எழுதுவார்கள். துடைத்தாலும் அதன் பிசுக்கு கண்ணாடியில் தங்கிவிடும் போலிருக்கிறது. நான் ஒன்றும் பேசவில்லை. கோயிலுக்குப் போய் வந்து, இரவு போனில் அந்த ஆறு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலாவது படத்தில் தெற்கு மூலை. கதவு வரை தண்ணீரில் ஒரு வெள்ளைக் கார். கண்ணாடியில் மஞ்சள் எண். 47.

எண் ஒன்றாக இருப்பதால் வண்டியும் ஒன்று என்று ஆகிவிடாது, எண்ணை வேறு வண்டிக்கும் போட்டிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தையின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை.

மே மாதம், கத்திரி தொடங்கிய வாரம், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டரில் முன் சீட்டைக் கழற்றினார்கள். சீட்டுக்கு அடியிலிருந்த வயர் இணைப்பில் பச்சையாகக் களிம்பு. சீட் நகரும் தண்டவாளத்தில் துரு. கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கும் பஞ்சு காய்ந்து, அதில் மெல்லிய வண்டல் மண், விரலால் கோடு இழுக்கலாம். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழுது விவரம் எழுதும் ஜாப் கார்டில் எழுதினார்கள்: 'தண்ணீர் புகுந்துள்ளது. வாரன்டி பொருந்தாது.' வாங்கி மூன்று மாதம் ஆன வண்டி. வந்த நாளிலிருந்து கணுக்கால் தண்ணீரில்கூட அவள் இறக்கியதில்லை. கத்திரி வெயிலில் எங்கிருந்து தண்ணீர் புகுந்தது?

படத்தைக் காட்டினோம். "அது வேற வண்டி மேடம்" என்றார் முகவர். விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரித்த மாதம் 2023 செப்டம்பர் என்று இருக்கிறது. டெலிவரி 2024 பிப்ரவரி. இடைப்பட்ட ஐந்து மாதம் இந்த வண்டி எங்கே நின்றது, வண்டியின் அடையாள எண்ணான சேஸிஸ் எண்ணை வைத்துக் காட்டுங்கள் என்றோம். அப்படி ஒரு பதிவே கிடையாது என்றார். தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டோம். முகவரைத் தொடர்புகொள்ளுங்கள், அவர் சுதந்திரமாக வணிகம் செய்பவர் என்று பதில் வந்தது. கடைசியில் 'நல்லெண்ண அடிப்படையில்' என்று எழுதி வயரிங்கையும் கார்ப்பெட்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். தம்பி மகள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவளுக்கு வேலை இருக்கிறது. நான் ஓய்வு பெற்றவள், எனக்கு நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தில் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் இரண்டு வழக்கு சொன்னார்.

ஒன்று கோவாவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-இல் புது மாடலுக்குப் பணம் கட்டியவருக்கு 2009-இல் செய்த வண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் 622 கிலோமீட்டர் ஓடியது. 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தயாரிப்பாளரும் முகவரும் தனித்தனி வணிகர்கள், முகவர் செய்தது தயாரிப்பாளருக்குத் தெரியும் என்று காட்டாதவரை தயாரிப்பாளர் பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். சட்டம் அப்படி, சரி. ஆனால் தொழிற்சாலை வாசலிலிருந்து எங்கள் வாசல் வரை என்ன நடந்தது என்ற தாள் உங்கள் இருவர் கையில்தான் இருக்க முடியும். அதை எழுதவே இல்லை என்றால், தெரியும் என்று நாங்கள் எதை வைத்துக் காட்டுவது?

இன்னொன்று அமெரிக்காவில். 1990-இல் அலபாமாவில் ஒரு டாக்டர் புது பிஎம்டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் கழித்து மெருகு போடப் போன இடத்தில், இதற்கு ஏற்கெனவே மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். வழியில் அமில மழை பட்டிருக்கலாம் என்பது அனுமானம். விலையில் 3 சதவீதத்துக்கு மேல் செலவாகாத பழுதை யாரிடமும் சொல்லாமல் புதியதாகவே விற்பது கம்பெனியின் கொள்கையாம். நீதிமன்றத்தின் நடுவர் குழு (ஜூரி) 4,000 டாலர் நஷ்ட ஈடும், தண்டனையாக 40 லட்சம் டாலரும் விதித்தது. தண்டனை மிக அதிகம் என்று 1996-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கும் அதிகம் என்றுதான் படுகிறது. ஆனால் நடுவர் தீர்ப்பு வந்த கையோடு, எவ்வளவு சின்னப் பழுதானாலும் சொல்லித்தான் விற்போம் என்று கம்பெனி தன் கொள்கையை நாடு முழுக்க மாற்றிக்கொண்டது. எனக்கு வேண்டியது அந்தக் கடைசி வரி மட்டும்.

நம் சட்டத்திலும் இடம் இருக்கிறது. பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதியது என்று பொய்யாகக் காட்டுவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47) சொல்கிறது. படிவம் 21-இல் எஞ்சின் எண் இருக்கிறது, நிறம் இருக்கிறது, சிலிண்டர் எத்தனை என்பதுகூட இருக்கிறது. வண்டி எங்கே நின்றது, என்ன பட்டது என்பதற்கு ஒரு கட்டம் இல்லை.

தபாலில் நாங்கள் அப்படி விட்டதில்லை. ஒரு பதிவுத் தபால் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால் எண் எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்துவோம். உறை கிழிந்து வந்தால், சேதமான நிலையில் பெறப்பட்டது என்று அந்த உறை மேலேயே எழுதித்தான் அடுத்த ஆபீசுக்கு அனுப்புவோம். எழுதாமல் அனுப்பியவர் மேல் பழி விழும். (பதிவுத் தபாலையே 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அது வேறு வருத்தம்.) இருபது சொச்சம் ரூபாய் கட்டின கடிதத்துக்கு இருந்த கணக்கு பத்து லட்ச ரூபாய் காருக்கு இல்லை.

வண்டி தேங்குவதற்கு நாங்களும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆடியில் எடுக்க மாட்டோம், மார்கழியில் எடுக்க மாட்டோம். 2025 ஆகஸ்ட் 15-ஆம் தேதி வரி குறையப்போகிறது என்று பிரதமர் சொன்னதும், செப்டம்பர் 22 வரை காத்திருந்துதான் பலர் எடுத்தார்கள். ஆனால் தேங்குவதில் உங்கள் பங்கு பெரிது. தயாரிப்பாளர்களே, முகவருக்கு ஏற்றி அனுப்பியதையே நீங்கள் மொத்த விற்பனை என்று கணக்குக் காட்டுகிறீர்கள். அனுப்பியது விற்றதா, நிற்கிறதா என்பது அந்தக் கணக்கில் வராது. முகவர்களின் கூட்டமைப்பான ஃபாடாவே 2024 செப்டம்பர் மாதக் கணக்கில் சொன்னது: கையிருப்பு 80 முதல் 85 நாள் விற்பனைக்கானது, 7.9 லட்சம் வண்டி, மதிப்பு 79,000 கோடி ரூபாய். 21 நாள் கையிருப்புதான் சரி என்று சொல்வதும் அதே கூட்டமைப்புதான். மிச்சம் அறுபது நாளும் வண்டி எங்கே நிற்கும்? எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும்.

இப்போது வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரம்தான் இருக்கிறது. இரண்டு வருடத்தில் அந்தத் தெற்கு மூலைக்கு ஒரு லோடு மண் அடிக்கவில்லை. வலைக்குச் செலவு செய்திருக்கிறீர்கள். தண்ணீர்த் தொட்டி மேடையில் ஏறினால் இன்னும் எனக்குத் தெரிகிறது, முழங்கால்தான் தினமும் ஏற விடமாட்டேன் என்கிறது.

நான் கேட்பவற்றை எழுதிவிடுகிறேன்.

தயாரிப்பாளர்கள், ஒவ்வொரு சேஸிஸ் எண்ணுக்கும் ஒரு பயணத் தாள் தொடங்குங்கள். தொழிற்சாலையை விட்ட தேதி, எந்த யார்டு, எத்தனை நாள், பேட்டரி எத்தனை முறை செத்தது, எங்கே உரசியது, எந்தப் பாகத்துக்கு மறுபடி பெயின்ட் அடித்தது, எல்லாம் அதில் ஏற வேண்டும். ஒவ்வொரு கை மாறும்போதும் கையெழுத்து வேண்டும். டெலிவரிக்கு முன் செய்யும் பரிசோதனைத் தாளோடு அதையும் சேர்த்து, பணம் கட்டும் முன்பே வாங்குபவரிடம் காட்டுங்கள். யார்டு எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்பதை முகவர் ஒப்பந்தத்திலேயே எழுதி, மழைக்கு முன் ஆள் அனுப்பிப் பாருங்கள். பிறகு முகவர் தனி, நாங்கள் தனி என்று பதில் போடாதீர்கள்.

முகவர்கள், தண்ணீர் ஏறிய வண்டி எது என்று உங்களுக்குத் தெரியும், அதற்கு இன்சூரன்ஸ் கோரியிருந்தால் அந்தக் கம்பெனிக்கும் தெரியும். வாங்குபவருக்கும் தெரிய வேண்டும். சேஸிஸ் எண்ணோடு எழுத்தில் கொடுங்கள். குறைந்த விலைக்கு, சொல்லி விற்றால் வாங்க ஆள் இருக்கிறது. வண்டி ஒதுக்கியதும், பில் போடும் முன், வாங்குபவரை யார்டுக்குள் விடுங்கள். கேக்கைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

2023 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற வண்டிகளை வாங்கியவர்களுக்கு, அந்த ஒரு முகவர் இந்த மாதத்துக்குள் கடிதம் போட வேண்டும். அவர்கள் சீட்டுக்கு அடியிலிருக்கும் வயர் இணைப்பு எந்த நிலையில் இருக்கிறதோ, ஏர்பேக் வேண்டிய நேரத்தில் விரியுமோ விரியாதோ. இலவசமாகக் கழற்றிப் பாருங்கள். எத்தனை வண்டி என்று பதிவு இல்லை என்றால் என்னிடம் கேளுங்கள், அந்த ஆறு படங்களில் எண்கள் தெரிகின்றன.

கடைசியாக, வலை இருந்துவிட்டுப் போகட்டும். தெற்கு மூலையில் இன்று காலை பதினோரு கார் நிற்கிறது. முதல் மழைக்கு முன் அவற்றை மேட்டுக்கு ஏற்றுங்கள். பதினொன்றின் மெழுகுக் குச்சி எண்களையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் ஊழியர் ஒருத்தி,
முடிச்சூர் பக்கம்